1 பிஎஸ்ஐ கூடினால் என்ன ஆகும்? சிறுவர் கார்ட் ரேஸும் டயர் காற்றும்

திருவான்மியூரைத் தாண்டி ஈசிஆரில் போனால், காசு கட்டி கார்ட் ஓட்டும் இடங்கள் உண்டு. ஹெல்மெட் மாட்டி பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்துவிடலாம். டயரில் காத்து எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதை அங்கே இருப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதே பிள்ளை போட்டியில் இறங்க ஆசைப்பட்டால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடமே இந்தக் காத்து கணக்குதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய இந்தியர்கள் இதுவரை 2 பேர். 2005-ல் கோவையின் நரேன் கார்த்திகேயன், 2010-ல் சென்னையின் கருண் சந்தோக். 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் சீறின. இதையெல்லாம் பார்த்து ஆசைப்படும் சிறுவர்களுக்கு முதல் படி கார்ட்தான்.

செலவு அதிகமான விளையாட்டு இது. ஆனால் பல சிறுவர் பிரிவுகளில் எல்லோருக்கும் ஒரே வகை இன்ஜின், ஒரே கம்பெனி டயர். எத்தனை டயர் என்பதற்கும் வரம்பு உண்டு. அப்படியானால் ஒரு அணி தானாக மாற்றிக்கொள்ளக்கூடியது என்ன? கொஞ்சம்தான். அதில் மிகவும் மலிவானது டயர் காற்று.

கார்ட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியம்?

காரில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இருக்கும். கார்ட்டில் இரண்டும் கிடையாது. மேடு பள்ளத்தைத் தாங்குவது இரும்புக் குழாய்ச் சட்டமும் டயரும்தான். தவிர, கார் டயரில் 32 பிஎஸ்ஐ அளவுக்கு காத்து இருக்கும். உலர்ந்த தரையில் ஓடும் கார்ட் டயரில் பெரும்பாலும் 10-ஐ ஒட்டித்தான். காரில் 1 பிஎஸ்ஐ என்றால் சுமார் 3 சதவீதம். கார்ட்டில் அதே 1 பிஎஸ்ஐ 10 சதவீதம்!

சென்னை வெயில் என்ன செய்யும்?

சூடானால் காத்து விரியும், டயருக்குள் அழுத்தம் ஏறும். 30 டிகிரியில் 10 பிஎஸ்ஐ அடித்த டயர், ஓடி ஓடி 70 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 13 பிஎஸ்ஐயைத் தாண்டும். ஏசி அறையில் 24 டிகிரியில் காத்து அடித்து, வெளியே வெயிலில் வைத்தால்? டயர் 40 டிகிரியைத் தொடும்போது, ஒரு சுற்று கூட ஓடாமலே 1 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருக்கும். காலை பயிற்சியில் சரியாக இருந்த அளவு மதியப் பந்தயத்தில் தப்பாகிப் போவது இதனால்தான்.

கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன?

காத்து கூடுதலாக இருந்தால் டயர் சீக்கிரம் சூடாகும், பிடிப்பும் சீக்கிரம் வரும். ஆனால் சில சுற்றுகளில் சூடு அளவை மீறி வண்டி வழுக்க ஆரம்பிக்கும். குறைவாக இருந்தால் பிடிப்பு வர நேரமாகும். வந்தபின் நீண்ட நேரம் நிற்கும். அதனால் சின்னப் பந்தயத்துக்கு ஒரு கணக்கு, நீண்ட பந்தயத்துக்கு வேறு கணக்கு. மழையில் டயர் சூடாவதே கஷ்டம் என்பதால், மழை டயருக்கு இன்னும் அதிக காத்து வைப்பார்கள்.

ரொம்பக் குறைத்துவிட்டால் ஆபத்து. வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரலாம். டயர் கம்பெனி சொல்லும் எல்லைக்குக் கீழே போகவே கூடாது.

பெரிய பந்தயத்திலும் இதே தலைவலி

2015-ல் இத்தாலியின் மோன்சாவில் ஹாமில்டன் ஜெயித்த பிறகு விசாரணை நடந்தது. காரணம், பந்தயம் தொடங்கும் முன் அளந்தபோது அவருடைய ஒரு டயரில் குறைந்தபட்ச அளவைவிட 0.3 பிஎஸ்ஐ குறைவு. மாட்டியபோது அளவு சரியாக இருந்தது, சூடாக்கும் போர்வையின் மின் இணைப்பை எடுத்தபின் டயர் ஆறிவிட்டது என்று தெரிந்ததால் வெற்றி தப்பியது. டயர் என்ன சூட்டில் இருக்கும்போது அளந்தோம் என்பது அவ்வளவு முக்கியம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பெட்ரோல் பங்க் மீட்டரை நம்ப வேண்டாம். 0.1 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.
* டயரை நிழலில் வைத்து, ஓடும் இடத்திலேயே காத்து அடியுங்கள்.
* ஓடி முடித்து வந்த உடனே நாலு டயரையும் அளந்து எழுதுங்கள். வெயில், நேரம், சுற்று நேரம் எல்லாம் அதே நோட்டில் இருக்கட்டும்.
* ஒரு தடவைக்கு அரை பிஎஸ்ஐ மட்டும் மாற்றுங்கள். கூடவே வேறு எதையும் மாற்றாதீர்கள். இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது.
* "முன்பக்கம் திரும்பலையா, பின்பக்கம் வழுக்குதா? முதல் சுற்றிலா, கடைசியிலா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. கடைசி சுற்றுகளில் பின்தங்கிய பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து, "பயந்துட்டியா?" என்று கேட்பது சுலபம். பயமாக இல்லாமல், ஏறிப்போன 2 பிஎஸ்ஐகூட காரணமாக இருக்கலாம். புள்ளைய திட்டுறதுக்கு முன்னாடி கேஜைப் பாருங்க.