இடது முட்டுக்கும் இன்ஜினியரிங் உண்டு!

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



கிளட்ச் என்றால் என்ன என்று கேட்டால் நாம் எல்லோரும் பரீட்சைத் தாளில் இரண்டு பக்கம் எழுதிவிடுவோம். ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், டயஃப்ரம் ஸ்பிரிங், ரிலீஸ் பேரிங் என்று வரிசையாகப் பெயர் சொல்லுவோம். ஸ்கேல் வைத்துப் படமும் போடுவோம். ஆனால் அந்தப் படத்தில் ஒரு பாகத்தை மட்டும் யாரும் வரைவதில்லை. பெடலை மிதிக்கிற மனுஷனின் இடது கால்தான் அது! ஸ்பிரிங்குக்கு விசைக் கணக்குப் போடுகிற நாம், அந்த விசையைக் கொடுக்கிற முட்டுக்கு என்றைக்காவது கணக்குப் போட்டதுண்டா?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே குளிரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே பார்த்தாலும் கூட்டம். நமக்கு அது திருவிழா. டிரைவர்களுக்கு? தென்காசியிலிருந்து பேரருவிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ரோட்டில் வண்டி ஊர்ந்துதான் போகும். நிமிஷத்துக்கு நாலு தடவை கிளட்ச் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 240 தடவை. ஒரு மிதிக்கு 10 கிலோ விசை என்றால், ஒரு மணி நேரத்தில் அந்த ஒற்றைக் கால் தள்ளுகிற மொத்தச் சுமை 2,400 கிலோ! மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து 'பாவம்' என்கிறோம். இது உட்கார்ந்தபடியே தூக்கும் மூட்டை. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சீசன் முடிந்து மூச்சு விடுவதற்குள் கார்த்திகை பிறந்துவிடும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்கு வண்டிகள் வரிசை கட்டும். புளியரை தாண்டி எஸ் வளைவில் முன்னால் ஒரு காய்கறி லாரி முக்கி முனகி ஏறினால், பின்னால் வருகிறவர் ஹாஃப் கிளட்சில் காலைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா 20 வருஷத்துக்கு மேலாக வாடகை வேன் ஓட்டுகிறார். சீசன் நாட்களில் ராத்திரி வீட்டுக்கு வந்தால் அவரால் சம்மணம் போட முடியாது. இடது காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். அம்மா தைலம் தேய்த்து விடுவாள். "வண்டி ஓட்டுதவனுக்கு முட்டு வலிக்கத்தானல செய்யும்" என்பார். அவர் அதை விதி என்று நினைக்கிறார். விதி இல்லை, அளவு என்று நான் சொல்லுகிறேன்.

அந்த அளவு எங்கிருந்து வந்தது? பல காலம் நம் ரோடுகளை ஆண்ட அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, ஜப்பானின் சுசுகி வடிவம். இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. நல்ல வண்டிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூல வடிவங்களைப் போட்டவர்கள் நம்ம ஊர் ஆளை மனதில் வைத்துப் போடவில்லை. இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டி, வடிவமைப்பாளர்களுக்குப் பயன்படும்படி தேபகுமார் சக்ரவர்த்தி தயாரித்த புத்தகத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வெளியிட்டது 1997-ல். சுதந்திரம் வாங்கி 50 வருஷம் கழித்து!

இன்னொரு சங்கதி. நம் நாட்டில் ஸ்டீயரிங் வலது பக்கம். சின்னக் கார்களில் வலது முன்சக்கரத்தின் வளைவு, டிரைவர் கால் வைக்கிற இடத்துக்குள் நீட்டிக்கொண்டு வரும். அதனால் பெடல்களைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். உடம்பு நேராக, கால் கோணலாக! இதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மாற்ற முடிந்தவை நிறைய உண்டு.

சீட்டை முன்னே பின்னே நகர்த்துவதற்கு அளவுகோல் கிளட்ச்தான். இடுப்பு சீட்டின் மூலையில் நன்றாக ஒட்டியிருக்க, கிளட்சை அடிவரைக்கும் மிதியுங்கள். அப்போதும் முட்டு கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டுவிட்டால் சீட் தூரம். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு நழுவும், வலி முதுகுக்கு ஏறும். முட்டு ஸ்டீயரிங்கில் இடித்தால் சீட் கிட்டே. சாய்மானம் 100 முதல் 110 டிகிரி வரை இருக்கலாம். தோள் சாய்மானத்தை விட்டு வராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் பட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதற்குக் காசு செலவு இல்லை.

போன வருஷம் சீசனுக்கு முன்னால் அப்பாவின் வேனில் டேப் வைத்துப் பார்த்தேன். சீட் நகருகிற கம்பி துருப்பிடித்து இறுகி, முன்பு ஓட்டிய யாரோ ஒரு உயரமான டிரைவர் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தது. அப்பா ஐந்தடி மூன்று அங்குலம். கிளட்சை அடிவரை மிதிக்க அவர் சீட்டின் நுனிக்கு வரவேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய தலையணை!

வேன் முதலாளியிடம் சொன்னதற்கு, "ஓட்டுதவனுக்குச் சொகுசு எதுக்கு தம்பி? வண்டில கைய வச்சிக் கெடுத்துராத" என்றார். அவரிடம் முட்டு வலியைப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கிளட்ச் பிளேட்டைப் பேசினேன். நுனியில் உட்கார்ந்தவருக்குக் காலை ஆற வைக்க இடம் கிடையாது. கால் கிளட்ச் மேலேயே கிடக்கும். லேசாக அழுந்தினாலும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் வேலை செய்யும், பிளேட் வழுக்கித் தேயும். பிளேட் தேயத் தேய டயஃப்ரம் ஸ்பிரிங்கின் நிலை மாறி, பெடல் இன்னும் கனக்கும். பெடல் கனத்தால் கால் இன்னும் வலிக்கும். ஆகவே டிரைவரின் முட்டு தேய்வதும் முதலாளியின் பணம் தேய்வதும் ஒரே கணக்கு அண்ணாச்சி என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

நானும் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினோம். துருவைச் சுரண்டிக் கிரீஸ் வைத்தோம். சீட்டின் லாக் விழுகிறதா என்று ஆட்டிப் பார்த்தோம். பிசிறு விட்டிருந்த கிளட்ச் கேபிளை மாற்றி, ஃப்ரீ பிளே சரிசெய்தோம். கிளட்சுக்கு இடது பக்கம் காலை ஆற வைக்க ஒரு சாய்வுப் பலகையைப் போல்ட் போட்டு இறுக்கினோம். அரை நாள் வேலை. அப்பாவின் வலி மாயமாய்ப் பறந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். இருபது வருஷத் தேய்மானம் அரை நாளில் போகாது. ஆனால் முந்திய சீசனில் முட்டு வலியால் ஆறு நாள் கூலி போனது. போன சீசனில் ஒரு நாள்கூடப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு ஆறு நாள் கூலி என்பது என் பரீட்சைக் கட்டணத்தைவிடப் பெரியது.

வலியை விடுங்கள், ஆபத்தையும் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு, அதே ஈரக் காலோடு, ஈரச் செருப்போடு ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பெடல் ரப்பரோ தேய்ந்து வழுவழு என்றிருக்கும். அந்தக் கால் பிரேக்கிலிருந்து வழுக்கினால்? பெடல் ரப்பர் விலை அதிகமில்லை. ஒரு துண்டை எடுத்துக் காலைத் துடைக்கச் செலவே இல்லை. தரை விரிப்பு பெடலுக்கு அடியில் சுருளாமல் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் பிரேக்குக்கு அடியில் உருளாமல் இருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: கால் எட்டவில்லை என்று பெடலில் மரக்கட்டையைக் கயிற்றால் கட்டுவதும், பெடல் கம்பியை வெல்டிங் வைத்து நீட்டுவதும் கூடவே கூடாது. அது உயிர் தொங்குகிற கம்பி!

"இனி எல்லாம் ஆட்டோமேட்டிக்தான, கிளட்சே இருக்காதே" என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. கியர் வந்தது உண்மைதான். ஆனால் நம்ம ஊர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளைப் போய்ப் பாருங்கள். பத்து, பதினைந்து வருஷம் ஓடிய கியர் வண்டிகள் இன்னும் எத்தனை! புது வண்டி வந்து சேருகிற வரைக்கும் பழைய வண்டி ஓட்டுகிறவரின் முட்டு காத்திருக்குமா?

உழைக்கிறவனின் சௌகரியம் சொகுசு இல்லை, உரிமை என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டது. கடை ஊழியருக்கு உட்கார இடம் இல்லாதது பிரச்னை. வேன் டிரைவருக்கோ, உட்கார இடம் இருந்தும் அது அவருக்கான இடமாக இல்லாததே பிரச்னை. இதற்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு ஸ்பேனரும் டேப்பும் போதும்.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை. வருகிற ஜூனில், சீசன் துவங்கும் முன்னால், வேன் ஸ்டாண்டில் ஒரு நாள் இலவச 'சீட் - பெடல் சோதனை முகாம்' நடத்துவோம். ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் பிரிவுகள் சேர்ந்தால் முடியும். வருகிற டிரைவர்களின் உயரம், கால் நீளம், சீட் தூரம் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்தோடு அளந்து குறித்தால், அதுவே இறுதியாண்டு புராஜெக்ட்! கடையில் காசு கொடுத்து வாங்குகிற புராஜெக்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல். நம் வகுப்பு மாணவிகளும் கார் ஓட்டப் பழகுகிறார்கள். சாவியைத் திருப்பக் கற்றுக்கொடுக்கும் முன் சீட்டை நகர்த்தக் கற்றுக்கொடுங்கள் என்று டிரைவிங் ஸ்கூல்களையும் கேட்டுக்கொள்வோம்.

நண்பர்களே! மிஷினுக்கு எண்ணெய் விடப் படித்துவிட்டோம். மிஷினை ஓட்டுகிறவரின் வலியைக் குறைக்கவும் படித்தால்தான் இந்த டிப்ளமோ முழுமையாகும். அடுத்த முறை கிளட்ச் படம் வரையும்போது, ஓரத்தில் ஒரு முட்டையும் வரைந்து பாருங்கள். வாத்தியார் மார்க் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்டாண்டில் இருக்கிற அண்ணாச்சிமார் போடுவார்கள்!