வீட்டுச் சிக்கனமும் புத்தளம் மக்களும்

காலநிலை மாற்றம் வளர்ந்த நாடுகள் இழைத்த தவறு என்று கூறி ஒதுங்கிக்கொள்வது எமக்குப் பழகிப்போன ஒன்று. அதில் உண்மையும் உண்டு. இலங்கையர் ஒருவர் வெளியிடும் காபனின் அளவு உலக சராசரியைவிட மிகக் குறைவு. ஆயினும், நமது வீடுகளின் புகையும் குப்பையும் உள்நாட்டிலேயே யார் மீது சுமத்தப்படுகின்றன என்பதைச் சிந்திப்பது அவசியம்.

நாட்டின் ஒரேயொரு நிலக்கரி மின்நிலையம் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் அமைந்துள்ளது. 2011 இல் இயங்கத் தொடங்கிய அது, 2014 இல் 900 மெகாவாட் திறனை எட்டியது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் தமது காணிகளையும் சுவாசத்தையும் பாதிப்பதாக அப்பகுதி மக்கள் நீண்டகாலமாக முறையிட்டு வருகின்றனர். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததன் பின்னர், கொழும்பின் குப்பையும் அதே மாவட்டத்தின் அருவக்காலுவுக்கே திருப்பப்பட்டது. 2018 இல் மக்கள் வீதிக்கிறங்கி எதிர்த்தும், 2019 இல் குப்பை அங்கு சென்றது.

வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு உக்கக்கூடிய சமையலறைக் கழிவாகும். காற்றோட்டமின்றிப் புதைந்து அழுகும்போது அது, காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு வெப்பத்தைத் தக்கவைக்கும் மீதேனை வெளியிடுகின்றது. அதனை வீட்டிலேயே கூட்டெருவாக்கினால் பசளையும் கிடைக்கும்; அருவக்காலுவின் சுமையும் குறையும்.

மின்சாரத்தில் அளவு மாத்திரமன்றி நேரமும் முக்கியமானது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சத் தேவையை ஈடுசெய்ய எண்ணெயும் எரிக்கப்படுகின்றது. பகலிலோ நிலைமை வேறு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது தேவை குறைந்திருந்தமையால், கூரைகளில் பொருத்தப்பட்ட சூரிய மின்சக்தித் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. எனவே, நீர்ப்பம்பி, சலவை இயந்திரம், மின்னழுத்தி ஆகியவற்றைப் பகலில் பயன்படுத்துவதே பயன்தரும் சிக்கனமாகும்.

இவ்வுபதேசத்தை ஏழைகளுக்குச் செய்வதில் அர்த்தமில்லை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீடித்த மின்வெட்டையும் எரிபொருள் வரிசைகளையும் கண்ட மக்களுக்குச் சிக்கனம் புதிதல்ல. குளிரூட்டியும் வாகனமும் உள்ள இல்லங்களே முதலில் முன்வர வேண்டும். தரம் பிரித்து ஒப்படைக்கப்படும் குப்பையை ஒன்றாகக் கலந்துவிடாமல் அகற்றுவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. தன் வீட்டைத் துப்புரவாக வைத்திருக்க அயலவன் முற்றத்தில் குப்பை கொட்டுவதை எவரும் நியாயமென்று கூறமாட்டார். மாவட்டங்களுக்கும் அந்நியாயம் பொதுவானதே.