உலையில் இடுமுன் ஒரு பிடி

திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில், உலைக்கு அரிசி அளக்கும் பெண், அளந்ததிலிருந்து ஒரு பிடியை மீண்டும் அள்ளி, அடுக்களை மூலையில் இதற்கென்றே வைத்திருக்கும் கலயத்தில் இட்ட பின்னரே அரிசி களைவாள் என்பதும், கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்குப் போய்க் காணிக்கையாகும் என்பதும் அப்பக்கத்தார் நன்கறிந்த வழக்கம். அந்தப் பிடி உண்டு மிஞ்சியதிலிருந்து எடுத்ததன்று. அன்றைய சோறு வீட்டாருக்குப் போதுமோ போதாதோ என்று தெரியாத வேளையிலேயே எடுத்தது. கிறிஸ்தவர்கள் ஸ்தோத்திரம் என்று சொல்லுவதன் சாரம் அந்த ஒரு பிடிக்குள் இருக்கிறதென்பது என் துணிபு.

இக்காலத்தில் நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களில் பெரும்பாலார், மகனுக்கு உத்தியோகம் கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, வழக்கில் ஜெயம் வந்தது என்று பெற்ற நன்மைகளை வரிசையாகச் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள். அதில் குற்றமில்லை, சொஸ்தமடைந்த பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டுமே, அதுவும் அந்நியனான சமாரியனே, திரும்பி வந்து நன்றி சொன்னான் என்று லூக்கா எழுதியதைப் படித்தவர் எவரும் அதை இகழத் துணியார். ஆயினும் நன்மைகளின் கணக்கே ஸ்தோத்திரம் என்றாகிவிட்டால், பிள்ளையை மருத்துவமனையிலிருந்து உயிரோடு மீட்டு வர இயலாத தகப்பன் பின்வரிசையில் அமர்ந்து, தன் விசுவாசந்தான் குறையுடையதோ என்று உள்ளுக்குள் குமைவதற்கு நாமே காரணமாகிறோம். அந்த மனிதனை எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஜெர்மனி தேசத்தில், சாக்ஸனி நாட்டு ஐலன்பர்க் நகரில், முப்பதாண்டுப் போரின் கொடுமைகளுக்கிடையே குருத்தொண்டு புரிந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1637-ஆம் ஆண்டு மதில் சூழ்ந்த அச்சிறு நகரில் அகதிகள் வந்து நெருக்க, கொள்ளைநோயும் புகுந்தபோது, உடனிருந்த குருமாரை இழந்து தனியராய் நின்ற அவர், அவ்வோராண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருத்தி. இன்று உலகெங்கும் பெருந்திரளான சபைகளில் பேரிசையோடு பாடப்படும் நன்றிக் கீர்த்தனம் ஒன்று அவர் இயற்றியதே. அது முதலில் எந்த வெற்றி விழாவுக்காகவும் எழுந்ததன்று. வீட்டார் உணவருந்தும் வேளையில் சொல்லத்தக்க சிறு ஜெபமாகவே அதை அவர் அமைத்தார். தினந்தோறும் அப்பத்தின் முன் நன்றி சொல்லிப் பழகிய நாவுக்கே, கல்லறைகளின் நடுவிலும் அச்சொல் மறந்துபோகாதிருக்கும் என்று நான் நம்புகிறேன். துயரம் வந்த பிறகு அதைப் புதிதாய்க் கற்பது மிகக் கடினம்.

துயரின் நடுவிலும் நன்றி சொல்லும் இவ்வழக்கத்துக்கு மூலம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இயேசு பிடிபடப்போகும் இரவில், வரப்போவது இன்னதென்று அறிந்திருந்தும், அப்பத்தை எடுத்து நன்றி செலுத்திய பின்னரே அதைப் பிட்டார். நாம் நற்கருணை என்று வழங்கும் சடங்குக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரே நன்றி செலுத்துதல் என்று பொருள்படும். சிலுவைக்கு முந்திய இரவில் தோன்றிய ஒரு நன்றியை, சௌபாக்கியம் வந்தவர்க்கு மட்டுமே உரியதாக நாம் சுருக்கலாமா?

ஆகவே போதகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சாட்சி நேரத்தில், பெற்றவர்கள் பேசி அமர்ந்தபின், இவ்வாரம் ஒன்றும் பெறாதவர்களுக்காகவும் இழந்தவர்களுக்காகவும் சிறிது நேரம் சபை முழுவதும் மௌனமாய் நிற்கட்டும். யாரும் அவர்களைச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். வீடுகளில் அந்தக் கலயம் மீண்டும் அடுக்களைக்கு வரட்டும். நாளொன்றுக்கு ஒரு முறையேனும் அரிசியை வீட்டின் மிகச் சிறிய பிள்ளை, தன் கையில் அடங்குமளவு அள்ளி அதில் இடட்டும்.