கலங்களைக் கண்டு எழுதுக

கணிப்பொறியைப் பற்றித் தமிழ் மாணாக்கன் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். அத்துறைக்கு நம் கல்லூரியிலேயே தனி வகுப்பும் ஆசிரியரும் இருக்க, இலக்கணம் பயில்வோன் ஈண்டு நுழைதல் ஏன் என வினவுவாரும் உளர். அவர்க்கு யான் கூறும் விடை இதுவே: தரவுத்தளம் என்பது பெயர்களை எழுதி வைக்கும் ஏடு, அவ்வேட்டில் எழுதப்படுவன நம்மவர் பெயர்களும் நம் ஊர்ப் பெயர்களும் ஆம், பெயரும் எழுத்தும் எங்கே பேசப்படினும் அங்கே தமிழ் பயில்வோனுக்கும் ஒரு சொல் உண்டு.

சென்னையினின்று பெங்களூர் நெடுஞ்சாலை வழியே மேற்கே செல்வார்க்கு இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து வரும். அவற்றிற்குத் தெற்கே வண்டலூர்–வாலாசாபாத்துச் சாலையில் ஒரகடம் உளது. ஏரிப் பாய்ச்சலால் விளைந்த இந்நிலப்பரப்பில் 1998-இல் ஹூண்டாய் மோட்டார் வண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006-இல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை திறக்கப்பெற்று 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை எழுந்தது. இவற்றைச் சூழ்ந்து உதிரிப்பாகம் செய்வன எத்துணையோ! வேலைக்கு வருவார் ஒவ்வொருவர்க்கும் பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள், முறைவேலை, ஏறும் பேருந்து, வைப்புநிதிக் கணக்கெண் என்பனவெல்லாம் ஏதோ ஓர் அட்டவணையிற் பதியப்படுகின்றன. அவ்வட்டவணைகளைக் கையாளும் நிரல்களை எழுதுவோருள் நம் பழைய மாணாக்கரும் பலர்.

அட்டவணை யாவரும் அறிந்ததே. நிரைதோறும் ஓர் ஆள். நெடுக்கே பெயர், ஊர் முதலிய பிரிவுகள். இந்நெடுக்குப் பிரிவைச் சர்க்கார்ப் படிவங்கள் 'கலம்' என்னும். யானும் அச்சொல்லையே ஆளுகின்றேன். இத்தகைய அட்டவணைகளை ஒன்றோடொன்று உறவுபடுத்தித் தரவுகளைக் காக்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். கம்பெனியின் எட்கர் காட் என்னும் அறிஞர் தம் கட்டுரையால் நிலைநாட்டினார். நிரல் எழுதுவோனோ அட்டவணையாக எண்ணுவதில்லை. 'தொழிலாளி' என்னும் ஒரு பொருளையும் அதன் பண்புகளையுமே அவன் எண்ணுகின்றான். இவ்விரு நோக்கிற்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் கருவியே பொருளுறவு இணைப்பான், ஓ.ஆர்.எம். என்று தொழில்வல்லார் சுருங்கச் சொல்வர். 2005-இல் வெளிவந்த ஜாங்கோவினுள் இருப்பது ஒன்று. 2006-இல் வந்த எஸ்க்யூஎல்–ஆல்கெமி மற்றொன்று.

இவ்விணைப்பானால் விளையும் நன்மையை மறுப்பார் இலர். ஆயின் அதனைக் கற்பிக்குமிடத்து, 'இனி அட்டவணையை நீ காண வேண்டுவதில்லை' என்று கூறும் வழக்கமொன்று பரவியுள்ளது. இதனையே யான் மறுக்கின்றேன். மூலத்தைத் தொடாது உரையை மட்டும் உருப்போட்டுத் தேர்வெழுதுவாரை நம் ஆசிரியர் எவ்வாறு நோக்குவரோ, அவ்வாறே கலத்தைக் காணாது நிரலெழுதுவாரையும் நோக்கல் வேண்டும்.

வியப்பு யாதெனின், அட்டவணையை மறைக்கும் அவ்விணைப்பானே அதனைத் திறந்து காட்டவும் வல்லது. எஸ்க்யூஎல்–ஆல்கெமியில் 'இன்ஸ்பெக்டர்' என்றே பெயரிய ஒரு கருவி உண்டு. தளத்தில் எவ்வெவ் வட்டவணைகள் உள, ஒவ்வொன்றிலும் எவ்வெக் கலங்கள் உள, கலத்தின் வகை யாது, அகலம் எத்துணை, அது வெற்றிடத்தை ஏற்குமா, எந்தக் கலம் பிறிதோர் அட்டவணையைச் சுட்டி நிற்கின்றது என்பவற்றையெல்லாம் அது கேட்டவுடன் உரைக்கும். ஜாங்கோவில் 'இன்ஸ்பெக்ட்–டிபி' என்னும் கட்டளை, முன்னமே உள்ள அட்டவணைகளைப் படித்து, அவற்றிற்கு ஒத்த நிரலுருவைத் தானே எழுதித் தரும். ஒரு கலத்தின் வகை தனக்கு விளங்காவிடின், இது ஊகமே என்று அருகிற் குறித்தும் வைக்கும். சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் நேர்மையாளர் ஐயமுள்ள இடத்தில் குறியிட்டு வைப்பதை இஃது ஒக்கும். பிறர் நெடுங்காலத்திற்கு முன் அமைத்த தளத்தைக் கையேற்கும் இளைஞனுக்கு இதனினும் சிறந்த துணை வேறில்லை.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிய உணர்தல் வேண்டும். இணைப்பானை இருவகையாக வினவலாம். நிரலிலுள்ள பொருளை நோக்கி 'உன் பண்புகள் யாவை?' என வினவுதல் ஒன்று. தளத்தை நோக்கி 'உன்பால் உள்ள கலங்கள் யாவை?' என வினவுதல் மற்றொன்று. முன்னையது நிரல் நம்பியிருப்பதைச் சொல்லும். பின்னையது உள்ளதைச் சொல்லும். எவரேனும் தளத்திற் கைவைத்து ஒரு கலத்தைத் திருத்தியிருப்பின், அல்லது நிரலிற் செய்த மாற்றம் தளத்தைச் சென்று சேராதிருப்பின், இவ்விரு விடைகளும் ஒவ்வா. முதல் விடையோடு அமைந்து விடுவோரே மிகப் பலர்.

இனித் தமிழெழுத்திற்கு வருவோம். 'முருகன்' என்னும் பெயர் நமக்கு நான்கெழுத்து. யூனிகோடு முறையிலோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால், மகரம், உகரக்குறி, ரகரம், உகரக்குறி, ககரம், னகரம், புள்ளி என ஏழாகின்றது. யு.டி.எஃப்–8 என்னும் முறையிற் பதியுங்கால் ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட்டு வீதம் 21 பைட்டு வேண்டும். 'ஸ்ரீபெரும்புதூர்' 16 குறிகளாகி 48 பைட்டு கொள்ளும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் என்னும் தளங்கள் கலத்தின் அகலத்தைக் குறிகளாற் கணக்கிடும். ஆரக்கிள் தளமோ, வேறு விதித்தாலன்றிப் பைட்டுகளாற் கணக்கிடும். ஆதலின் ஒரே அகலம் விதிக்கப்பட்ட 40 என்னும் கலத்துள் ஒரு தளத்தில் இவ்வூர்ப் பெயர் எளிதில் அடங்க, மற்றொன்றில் அடங்காது தள்ளப்படும். எஸ்க்யூஎல்–லைட் என்னும் சிறு தளம் விதித்த அகலத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. மாணாக்கர் பயிற்சி செய்வதோ பெரும்பாலும் அதன்மீதே. பயிலறையிற் பழுதின்றி ஓடிய நிரல் தொழிற்சாலையில் இடறுவதற்கு இஃதொரு காரணம்.

மிக்கதை வெட்டி எஞ்சியதை மட்டும் பதியும் தளங்களும் உள. மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள் அவ்வாறு செய்தன. ஆங்கிலப் பெயரில் ஈற்றெழுத்து வெட்டுண்டால் ஓரெழுத்துக் குறையும், அவ்வளவே. தமிழிலோ ஆறாங் குறியோடு வெட்டினால் 'முருகன்' புள்ளியிழந்து 'முருகன' ஆகின்றான். மெய்யெழுத்து உயிர்மெய்யாகி விடுகின்றது! ஓரெழுத்திற்கு ஓரெண் என்றமைந்த டேஸ்–16 என்னும் முறையையும் தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. எனினும் உலக வழக்கில் நிலைத்தது யூனிகோடே. ஆதலின் இவ்விடர்ப்பாட்டோடு வாழக் கற்றலே நமக்குள்ள வழி.

இதனினும் நுண்ணியது 'ஸ்ரீ' என்னும் எழுத்தின் செய்தி. இதனை ஸகரங் கொண்டும் எழுதலாம். 2005-இல் யூனிகோடின் 4.1 பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஶகரங் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றும். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். யூனிகோடின் சீராக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஆகவே ஊர்க் கலத்திற் பாதி ஒரு வகையாகவும் பாதி மறுவகையாகவும் பதியப்பட்டிருப்பின், ஓர் ஊர்க்குரியோரை எண்ணுங்கால் பாதிப்பேரே அகப்படுவர். 'திருப்பெரும்புதூர்' என எழுதுவார் மூன்றாங் கூட்டம். ஆங்கில எழுத்திலும் இவ்வூர்ப் பெயர் ஒருபடித்தாக இல்லை. 2020-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவை மாற்றி வெளிவந்த அரசாணையும் அவ்வாண்டு சூன் திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மாவட்டக் கலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டா. 1997-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019-இல் காஞ்சிபுரத்தினின்று செங்கற்பட்டு மீண்டும் பிரிந்தது. பழைய நிரைகள் பழைய பெயரோடே கிடக்கின்றன. இணைப்பான் காட்டும் 'ஊர்' என்னும் ஒற்றைச் சொல்லுள் இவையெல்லாம் மறைந்து கிடக்கின்றன.

ஆட்பெயரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஜாங்கோ தானே அமைத்துத் தரும் பயனர் அட்டவணையில் முதற்பெயர்க்கு ஒன்றும் கடைப்பெயர்க்கு ஒன்றுமாக இரு கலங்கள் உண்டு. நமக்கோ கடைப்பெயர் என்பது இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. திருமணமானபின் சில மகளிர்க்கு அதுவும் மாறுகின்றது. ஆதாரில் பெயருக்கு ஒரே கலம், கடவுச்சீட்டில் இரண்டு. கடைப்பெயர்க் கலம் வெற்றிடத்தை ஏற்காது என்று விதித்துவிட்டால், படிவம் நிரப்புவோன் தந்தை பெயரை அங்கே இடுவான். அல்லது முதலெழுத்தை இடுவான். அல்லது ஒரு புள்ளியை வைத்துத் தப்புவான். விளைவு யாது? வைப்புநிதி ஏட்டிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒவ்வாதவிடத்துத் தொழிலாளியின் பணம் கைக்கெட்டாது நிற்கும். தொழிலாளியும் முதலாளியும் கூட்டாக உறுதிமொழி தந்து திருத்துதல் முறை. 2025 சனவரியில் இவ்விதி தளர்த்தப்பட்டு, 2017 அக்டோபர் 1-ஆம் நாள் முதல் ஆதாரோடு பொருந்திய கணக்கெண் பெற்றோர் தாமே திருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. அதற்கு முன் கணக்கெண் பெற்றவன் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டிருப்பின், கையொப்பத்திற்கு அவன் அலைதலை எண்ணிப் பாருங்கள். மகள் திருமணத்திற்கென எண்ணி வைத்த பணம், யாரோ ஒருவர் கலத்தின் விதியைக் காணாது எழுதிய நிரலால் நின்றுவிடுதல் சிறு செய்தியன்று.

'இத்துணையும் ஆராய நேரம் ஏது? இணைப்பான் வந்ததே நேரத்தை மிச்சப்படுத்தத்தானே?' என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நூறு அட்டவணை உள்ள தளத்தில் ஒவ்வொரு கலத்தையும் நாடோறும் எவர் காண்பார்? ஆயின் தளமொன்றைக் கையேற்கும் முதல் நாளிற் காணலாமன்றோ? இன்ஸ்பெக்டரை வினவி விடை பெறச் சில வரிகளே போதும். மாலைப்போது ஒன்றிற் படித்து முடிக்கலாம்.

இந்நிலத்திற்கு அட்டவணை புதிதுமன்று. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் கம்பெனி அதிகாரி செங்கற்பட்டுச் சாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடு, குடி, நிலம், ஏரி, மானியம் என்பவற்றைக் கணக்கெடுப்பித்தார். ஊர்க் கணக்கர் தமிழில் எழுதிய ஓலைகளினின்று ஆங்கிலச் சுருக்கம் எடுக்கப்பட்டது. சுருக்கத்தை மட்டும் படித்தோர்க்குத் தெரியாதது ஓலையைப் படித்தோர்க்குத் தெரிந்தது. அவ்வோலைகள் பல இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒரு பிரதியோடு அமையாது பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார் என்பதை நம் வகுப்பில் யாவரும் அறிவர். அப்பழக்கத்தையே தரவுத்தளம் கற்போர்க்கும் உரியதாக்க வேண்டும் என்கின்றேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் பருவத்தில் கணிப்பொறித் துறையாரும் தமிழ்த் துறையாரும் கூடிப் பிற்பகல் ஒன்றைப் பயிற்சிக்கென ஒதுக்குக. தளமொன்றைக் கொடுத்து, நிரலெழுதுமுன் இணைப்பான் வழியாக அதன் அட்டவணைகளையும் கலங்களையும் காணுமாறு மாணாக்கரைப் பணிக்க. பின்னர்ப் பதியத்தக்க பெயர்களைத் தமிழ் மாணாக்கர் நாங்கள் தருவோம்: தலைப்பெழுத்து முன் நிற்பது ஒன்று, பின் நிற்பது ஒன்று, கடைப்பெயரே இல்லாதது ஒன்று, ஒடிசாவினின்று ஒரகடத்திற்கு வந்தவரின் குலப்பெயரோடு கூடியது ஒன்று, இருவகை ஸ்ரீயும் உடைய ஊர்ப்பெயர் இரண்டு. தொழிற்சாலைகளிற் பணியாற்றும் பழைய மாணாக்கர் தாம் கண்ட கலங்களுள் ஏற்றனவற்றை, ஆட்பெயர் நீக்கி, எமக்கு எழுதியனுப்பினால் பயிற்சிக்குரிய அட்டவணையை அவற்றைக் கொண்டே அமைத்துக்கொள்வோம்.