கிடார் வாசிப்பவருக்கு மோட்சம் உண்டா?

பெங்களூர் ஈஜிபுராவில் இருட்டிய பிறகு எந்தத் தெருமுனையில் நின்றாலும் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் காதில் விழும். இந்தியைச் சேர்த்தால் ஐந்து. ஒரு பக்கம், 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அடுக்குமாடிகள். இன்னொரு பக்கம், 2017இல் தொடங்கி, சொன்ன கெடுவையெல்லாம் தாண்டி இழுத்தடித்த மேம்பாலத்தின் தூண்கள். நடுவில் நெருக்கியடித்து நிற்கும் வாடகை அறைகள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சண்டையையும்தான்.

அந்தச் சண்டைகளில் கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் நடுவே அடிக்கடி தலைகாட்டும் பெயர் 'அகம்'. உள்ளூர் ராக் குழு. உறுப்பினர்கள் பலரும் வேலையை விடாமல் வாசிக்க வந்தவர்கள். ஈஜிபுரா அறைவாசிகளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. தமிழ்நாட்டுக்கும் புதியவர்கள் அல்ல. 2007இல் சன் டிவியின் 'ஊ லலலா' போட்டியில் ஏ.ஆர். ரஹ்மான் முன்னிலையில் வென்றவர்கள். 2012இல் முதல் ஆல்பம், 2017இல் இரண்டாவது. மூன்றாவதான 'அரைவல் ஆஃப் த எதீரியல்' 2025இல் வந்தது. சண்டை அதைப் பற்றித்தான்.

முந்தைய ஆல்பங்களில் இல்லாத அளவுக்கு இதில் விருந்தாளிகள். தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' கிருதியை ஹரிஷ் சிவராமகிருஷ்ணனுடன் சேர்ந்து பாடியிருப்பவர் ஸ்ரேயா கோஷல். பின்னணியில் செக் நாட்டு சிம்பனி இசைக்குழு. திருவையாற்றில் பிறந்த பாட்டு, பெங்களூரில் கிடார் ஏற்றிக்கொண்டு, ஐரோப்பா வரை போய்த் திரும்பியிருக்கிறது.

கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? சபா வாசனை உள்ள வீடுகளில் பதில் பழையதுதான். கிருதி என்பது பிரார்த்தனை. டிரம்ஸ் விழுகிற இடத்தில் சாஹித்யம் காணாமல் போகிறது. சங்கதிகளைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும் நிதானம் இல்லை. இதை வெறும் வைதிகம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தத் தரப்பு கவனிக்க மறக்கும் ஒரு விஷயம் அந்தக் கிருதிக்குள்ளேயே இருக்கிறது. தியாகராஜர் அதில் கேட்பது, பக்தியும் சங்கீத ஞானமும் வாய்க்காதவர்களுக்கு விடுதலை உண்டா என்று. மூச்சும் உடலின் அக்னியும் சேர்ந்து பிரணவ நாதமாகி அதுவே ஏழு ஸ்வரமாகிறது என்று சரணத்தில் விளக்கமும் தருகிறார். சங்கீத ஞானம் யாருக்கு வாய்க்கும், எந்த வழியாக வாய்க்கும் என்பதுதான் ஈஜிபுரா மாடிகளிலும் நடக்கிற வழக்கு. தீர்ப்பு மட்டும் இரண்டு இடத்திலும் வரவில்லை.

ஏனென்றால் எதிர்த்தரப்பு ரசிகர் சாரமதி ராகத்தின் பெயரையே முதன்முதலில் இந்தப் பாட்டின் வழியாகக் கேள்விப்பட்டவராக இருக்கக்கூடும். ஆங்கில ராக் இசையில் வளர்ந்தவர். தியாகராஜர் அவருக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த ஒரு பெயர். அறையில் ஒரு தெலுங்கு நண்பர் இருந்தால் அர்த்தம் சொல்கிறார். சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் நாலு வருஷம் உட்கார்ந்து எழுந்த தமிழ்ப் பையன் ராகத்தைக் கண்டுபிடிக்கிறான். கிடார் தெரிந்தவன் இது மைனர் ஸ்கேல் அல்லவா என்கிறான். அவன் சொல்வதும் சரி. சாரமதியின் தாய் ராகம் நடபைரவி. அதன் ஸ்வரங்களும் மேற்கத்திய மைனர் ஸ்கேலின் ஸ்வரங்களும் ஒன்றே. இறங்கும்போது ரிஷபத்தையும் பஞ்சமத்தையும் விட்டுவிட்டு வரும் இடத்தில்தான் சாரமதி தன் முகத்தைக் காட்டுகிறது. கிடார் குழுவுக்கு இவ்வளவு இணக்கமான ராகம் சுலபத்தில் கிடைக்காது.

சிக்கல் சிம்பனியில் இருக்கிறது. ஐரோப்பிய இசைக்குழு வாசிப்பது எழுதி வைத்த தாளைப் பார்த்து. எத்தனையாவது விநாடியில் எந்த வயலின் எந்த ஸ்வரம் என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். கர்நாடக சங்கீதத்தில் காந்தாரமோ தைவதமோ ஒரு இடத்தில் நிற்பதில்லை; அசைந்துகொண்டே இருக்கும். கார்டு என்பதோ அசையாத மூன்று நான்கு ஸ்வரங்களின் அடுக்கு. அசையும் குரலுக்குக் கீழே அசையாத அடுக்கை வைத்தால் ஒன்று குரல் விறைத்துக்கொள்ளும், இல்லை அடுக்கு உறுத்தும். இதைச் சமாளிக்க ஏற்பாட்டாளர்கள் பொதுவாகச் செய்வது, குரல் கமகத்தோடு போகும்போது வாத்தியங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, குரல் ஓய்ந்த இடத்தில் மொத்தப் படையையும் இறக்குவது. பாட்டு பிரம்மாண்டமாகும். அந்த நேரத்துக்கு மனோதர்மத்துக்கு லீவு.

சுவாரசியமான அதிருப்தி பழைய அகம் ரசிகர்களுடையது. 2012 ஆல்பத்தின் கரடுமுரடுக்குப் பழகிய காதுகள் இவை. அதே வருஷம் எம்டிவி கோக் ஸ்டூடியோவில் 'மல்ஹார் ஜாம்' வாசித்தபோது, அறைத் தோழர்கள் மேடை ஏறிய மாதிரி சந்தோஷப்பட்டவர்கள். இப்போது ஸ்ரேயா கோஷல் குரல் வந்ததும் இது சினிமாப் பாட்டாகிவிட்டது என்று முகம் சுளிக்கிறார்கள். இதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கிறது. தெருவுக்குள் தெரிந்திருந்த பிள்ளையை ஊரே கொண்டாடும்போது வருகிற பொறாமை.

ஆனால் விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் மறைந்துபோவாரா என்ற கேள்வி நியாயமானது. பதில் தேட டெல்லிக்குப் போகலாம். 'இண்டியன் ஓஷன்' குழு 2014இல் வெளியிட்ட 'தண்டனு' ஆல்பத்தில் ஏழு பாட்டு, ஏழு விருந்தாளிகள். சுபா முத்கல், விஷால் தத்லானி, சங்கர் மகாதேவன், மோகன வீணை விஸ்வமோகன் பட், கர்ஷ் காலே. நம் பக்கத்திலிருந்து வயலினுக்குக் குமரேஷ், கஞ்சிராவுக்குச் செல்வகணேஷ். அந்தக் குழுவுக்கு அது சோதனையான காலம். பாடகர் அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமாகியிருந்தார். குழுவின் முகவரியாக இருந்த கிடார் கலைஞர் சுஸ்மித் சென் 2013இல் விலகிவிட்டார். வெற்றிடத்தை மூடத்தான் இத்தனை பெரிய பெயர்களா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. பாட்டுகளைக் கேட்டால் அது முழு நியாயமாகப் படவில்லை. செல்வகணேஷின் கஞ்சிரா வந்த பிறகும் ராகுல் ராமின் பேஸ் கிடார் தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. விருந்தாளிக்கு ஒரு நாற்காலி, அடுப்படி வீட்டுக்காரரிடம். ஒரு பாட்டுக்கு ஒரே விருந்தாளி என்ற கணக்கும் அதற்கு உதவியது.

பெங்களூருக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து 'ஜோதி' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மன் நிறுவனமான இசிஎம் அதை 1983இல் வெளியிட்டது. ஆர்.ஏ. ராமாமணியின் பாட்டும் மிருதங்கமும் கடமும் ஒரு சாக்ஸபோனும். சிம்பனியும் இல்லை, டிரம்ஸும் இல்லை. இன்றைக்கும் அதில் யாரும் யாரையும் அமுக்குவதில்லை. ஈஜிபுரா அறைகளில் இதைக் கேட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். கிடைத்தால் கேட்க வேண்டிய தட்டு.

அகத்தின் புதிய ஆல்பத்துக்கு உண்மையான பரீட்சை மேடையில்தான். ஐரோப்பிய வயலின்கள் ஒவ்வொரு கச்சேரிக்கும் விமானம் ஏறி வரப்போவதில்லை. ஸ்ரேயா கோஷலும் எல்லா ஊருக்கும் வர முடியாது. பெரிய குழுக்கள் பல, அந்தப் பகுதிகளைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கின்றன. அப்படிச் செய்தால் பாடகர் நினைத்த இடத்தில் நிரவலை நீட்ட முடியாது. ஓடும் டேப் காத்திருக்காது. ஓடவிடாமல் வாசித்தால் ஒரு குரல், ஒரு வயலின், கிடார்கள், தாளம். சாரமதி இறங்கி வருகிற அந்த இடம் அப்போது எடுபடுகிறதா என்று பார்க்கத்தான் பழைய ரசிகர்களும் டிக்கெட் வாங்குவார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்று சொன்ன அறையிலிருந்தும் நாலு பேராகத்தான் கிளம்புவார்கள்.