பூபாளம் மாத்திரையல்ல

இசையால் நோய் தீரும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு நெடுநாளாகவே ஒரு வழக்கு இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு ஒரு ராகம், தூக்கமின்மைக்கு இன்னொரு ராகம் என்று அட்டவணை போட்டு விற்கிறார்கள். பெரியவர்கள் வாங்கி ஏமாந்தால் போகட்டும். ஆட்டிசமோ டவுன் நோய்க்குறியோ உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்கும் பெற்றோரிடமும் அதே அட்டவணையை நீட்டுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

ஆய்வுகள் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். 2017இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு, ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 364 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றியது. வழக்கமான பராமரிப்போடு ஐந்து மாதம் இசைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கும், பெறாதவர்களுக்கும் இடையே நோய்க்குறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022இல் காக்ரேன் தொகுப்பு 26 ஆய்வுகளை, 1165 பேரை, ஒன்றாக வைத்து எடைபோட்டு, ஒட்டுமொத்த முன்னேற்றத்திற்கு இசைச் சிகிச்சை உதவக்கூடும் என்று சற்றே நம்பிக்கையாகச் சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதல் ஆய்வின் குழந்தைகள் படுத்துக்கொண்டு ராகம் கேட்கவில்லை. சிகிச்சையாளரோடு சேர்ந்து, அவ்வப்போது தோன்றியதைப் பாடியும் வாசித்தும் இருக்கிறார்கள்.

மருந்தென்று வாதாடி இசையை வாங்கிக் கொடுத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று எவராவது அளந்து சொன்ன மறுநாளே அதைப் பறித்தும் விடலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை வயலின் கற்கப் போகும்போது அதனால் எந்த நோய் குறைந்தது என்று யார் கேட்கிறார்கள்?

நான் வசிக்கும் கேத்தியைச் சுற்றிலும் படுகர் ஹட்டிகள். பண்டிகை நாட்களில் ஆண்களும் பெண்களும் வட்டமாக ஆடுவார்கள். எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள ஹட்டியில் டவுன் நோய்க்குறியுள்ள இளைஞன் ஒருவன் இருக்கிறான். அவனும் அந்த வட்டத்தில் உண்டு. கால் அரைத்தாளம் பிந்தித்தான் விழும். எவரும் அவனைத் திருத்துவதில்லை, கைதட்டிப் பாராட்டுவதுமில்லை. (பாராட்டாததுதான் எனக்கு மிகவும் பிடித்தது.) அந்த ஆட்டத்தின் அமைப்பே அவனுக்குத் துணை நிற்கிறது என்று நினைக்கிறேன். அதே அடி திரும்பத் திரும்ப வருகிறது. விட்டதை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். என்ன செய்வது என்பதை முன்னால் ஆடுகிறவரின் முதுகே சொல்லிவிடுகிறது. வட்டத்திற்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால் எங்கேயும் நுழையலாம், களைத்தால் விலகலாம்.

அதே இளைஞனை அவன் தாயார் நகரத்தில் ஓர் இசை வகுப்பிற்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் போயிருந்தேன். ஆசிரியர் ஐந்து நிமிடம் பார்த்தார். "இவருக்குத் தாளம் நிற்காதுங்க. வீட்டில் நல்ல பாட்டாகப் போட்டுக் கேட்க வையுங்கள், மனசுக்கு நல்லது" என்றார். கொடுமையான மனிதரல்ல, தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் அட்டவணைக்காரர்கள் பரப்பிய கருத்து அவர் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது: மற்றவர்களுக்கு இசை கல்வி, இவனுக்கு மட்டும் சிகிச்சை.

நம் சரளி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக ஏறி இறங்கும் ஸ்வரங்கள், அலுக்காத திருப்பல், முதலில் மெதுவாக ஒரு காலம், பிறகு விரைவாக இரண்டு. மெல்லக் கற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடத்தை இன்று உட்கார்ந்து எழுதினாலும் எழுத முடியுமா? மிருதங்கத்தின் சொற்கட்டோ வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கைக்கு வருவது. பொருளே கேட்காத சொற்கள். பேச்சுத் தடுமாறுகிறவரிடம் முதலில் கொடுக்க வேண்டியதை நாம் தேர்வுக்கும் மேடைக்கும் என்று பூட்டி வைத்திருக்கிறோம். வெனிசுவேலாவில் பார்கிசிமேட்டோ நகரத்துச் சேர்ந்திசைக் குழுவில் காது கேளாத பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து, பாட்டைக் கைகளால் நிகழ்த்துகிறார்கள். பக்கத்தில் மற்றவர்கள் பாடுகிறார்கள். அங்கே எவரும் ராகப் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை.

நம்மிடம் சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 29ஆம் பிரிவு, அவர்களும் பங்கேற்கும் வகையில் கலைப் பாடங்களைத் திருத்தி அமைக்கச் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் உறுதியளிக்கும் இலவசக் கல்வி 18 வயதோடு நின்றுவிடுகிறது. அதன்பின் வீடு, தொலைக்காட்சி, மழைக்காலமென்றால் ஜன்னல். டிசம்பர் 3 வந்தால் மேடையேற்றி, பதிவு செய்த சினிமாப் பாட்டுக்குக் கையசைக்க வைத்து, படம் எடுத்துக்கொண்டு இறக்கிவிடுகிறோம்.

ஊட்டியிலும் குன்னூரிலும் கீபோர்டும் கிட்டாரும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்திற்கு ஒரு மணி நேரம், தேர்வில்லாமல், மற்ற மாணவர்களோடு சேர்த்தே உட்கார வைத்து, அதே கட்டணத்தை வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்க ஒருவர் முன்வரட்டும். கேத்தியிலிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து அவனைக் கூட்டி வர அந்தத் தாய் இன்னும் தயாராகத்தான் இருக்கிறார்.