சூடோ பிப் போடச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

பொங்கலுக்கு திருக்கோவிலூர் போயிருந்தப்ப எதிர்வீட்டுத் தம்பி லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். "அண்ணா, உபுண்டுல புது ரெபோ சேர்க்க முடியல. ஃபார்மட் பண்ணிடவா?" காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தமும் அதுலதான். வேற மெஷின் கிடையாது, நெட்டும் மொபைல் டேட்டாதான்.

விசாரிச்சா, பிப் மூலமா ஓபன்-தமிழ் நிறுவப் போயிருக்கான். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மெண்ட்'னு எர்ரர். தேடினதுல நம்ம ஆளு ஒருத்தர் எழுதின தமிழ்ப் பாடம் சிக்கியிருக்கு: பயப்படாம சூடோ போட்டு, கடைசில 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்து அடிங்கன்னு. அடிச்சான். அந்த தைரியத்துல சீனியரோட பழைய ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலையும் அப்படியே ஏத்திட்டான்.

பேர்லயே 'சிஸ்டத்தை உடை'ன்னு இருக்குங்க! அதைத் தீர்வுன்னு எழுத எப்படிய்யா மனசு வருது?

உபுண்டு, டெபியன்ல பல கருவிகள் பைத்தான்லதான் ஓடுது. ஆப்ட் போடற மாட்யூல் யுஎஸ்ஆர்/லிப்ல உட்காரும். சூடோ பிப் போடறது யுஎஸ்ஆர்/லோக்கல்ல. பைத்தான் முதல்ல பார்க்கிறது லோக்கலைத்தான். ரெபோ சேர்க்கிற கருவி பிப் கொண்டாந்த பழைய எச்டிடிபிலிப்2வை எடுத்து வாந்தி எடுத்திருக்கு. ஒரே வீட்டுக்கு ரெண்டு எலக்ட்ரீஷியன், ஒருத்தன் இழுத்த ஒயர் இன்னொருத்தனுக்குத் தெரியாது. தம்பி ஆப்ட்ல நாலு தடவை ரீஇன்ஸ்டால் போட்டானாம். எங்க சரியாகும்? லோக்கல்ல இருக்கிறதை ஆப்ட் தொடவே தொடாது.

இதைத் தடுக்கத்தான் பெப் 668னு ஒரு விதி. 2023ல உபுண்டு 23.04, டெபியன் 12 ரெண்டுலயும் வந்துச்சு.

மாட்யூலை இம்போர்ட் பண்ணி அதோட ஃபைல் பாதையை பிரிண்ட் போட்டேன், குட்டு உடைஞ்சுது. பிப் வழியாவே கழட்டினேன். (கழட்டவும் அதே 'பிரேக்' ஆப்ஷன் கேட்டுச்சு, என்னத்த சொல்ல!) அப்புறம் ஆப்ட்ல பைத்தான்3-வீஎன்வி போட்டு, ப்ராஜெக்டுக்குத் தனி என்விரான்மெண்ட். அதுக்குள்ள சூடோ இல்லாம பிப். மொத்தமே நாலு வரி.

வீஎன்வி இடத்தை அடைக்கும்பீங்க. அடைக்கும்தான். உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல, அதை மொபைல் டேட்டால இறக்கிப் பாருங்க. தூக்கிப் போடற டாக்கர் கண்டெய்னர்ல அந்த ஆப்ஷன் போட்டுக்கோங்க, நான் கேட்கல. நானும் காலேஜ்ல சூடோ பிப் போட்டவன்தான். அப்ப எச்சரிக்கை வரல. இப்ப வருது, அதையும் மீறச் சொல்லித் தர்றோம்.

உங்க பழைய பாடங்கள்ல அந்த வரி இருந்தா இன்னிக்கே திருத்துங்க. தம்பி படிச்ச பதிவு எதுன்னு சொல்ல மாட்டேன். எழுதினவருக்குத் தெரியும்.